மெர்வின் ஊட்டிய கேரட்

தேனீப் பெட்டிக்குள் வெறுங்கையை விட்டுத் தேனடைச் சட்டத்தை உருவுகிற ஒருவன், கைக்குழந்தையைக் கண்டால் பின்வாசல் வழியாக நழுவிவிடுவான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மெர்வின் அப்படிப்பட்டவன். நானும் அவனும் எங்கள் ஊர் மோல் க்ரீக் பள்ளியில் ஒரே வகுப்பு. இன்றைக்கும் வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஆகவே எனக்கு அவன் 'அவன்'தான், மரியாதையெல்லாம் வராது. நோலா வாய்க்காரி என்று என்னை ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவன் அப்பா மரம் வெட்டப் போனவர். இவன் கொஞ்ச காலம் சுண்ணாம்புக்கல் குவாரியில் இருந்தான், தூசி ஒத்துக்கொள்ளவில்லை, தேனீ பக்கம் வந்துவிட்டான். எங்கள் பக்கம் ஜனவரி கோடைக்காலம், அது பிறந்ததும் பெட்டிகளை லாரியில் ஏற்றி மழைக்காட்டுக்குக் கொண்டுபோவான். அங்கே லெதர்வுட் மரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். குளிர் தொடங்குகிற நேரத்தில் திரும்பி வந்து, தேனைப் பிழிந்து, ஜாடியில் அடைத்து, லேபிள் ஒட்டி, வாசல் கேட் பக்கத்து அலமாரியில் வைப்பான். வாங்குகிறவர்கள் காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அவனுக்கு அது திருவிழா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். ஆட்டுத்தொடை வறுவலும் உருளைக்கிழங்கும் என் பொறுப்பு, கேரட் அவன் பொறுப்பு. அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான். அவன் மனைவி லொரெய்ன் உயிரோடு இருந்தபோது பழுப்புச் சர்க்கரை போட்டுச் செய்வாள். அவள் போன பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை இவன் செய்யப் போனான், வீட்டில் சர்க்கரை இல்லை. தேனுக்கா பஞ்சம்? ஒரு கரண்டி ஊற்றினான். அன்றிலிருந்து தேன்தான்.

இதைவிடச் சுலபமான பதார்த்தம் கிடையாது. கேரட்டைச் சாய்வாக நறுக்கி அகலமான வாணலியில் பரப்பு. மூழ்கியும் மூழ்காமலும் தண்ணீர், ஒரு கட்டி வெண்ணெய், உப்பு, தேன். மூடாமல் கொதிக்க விடு. தண்ணீர் வற்ற வற்றக் கேரட் வெந்துவிடும், வெண்ணெயும் தேனும் பாகாகிவிடும். கடைசியில் மட்டும் வாணலியை விட்டு நகரக் கூடாது, பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் பளபளவென்று மினுங்கும்போது இறக்கிவிடலாம். அசந்தால் கரி. மெர்வின் அசந்து நான் பார்த்ததில்லை.

அவன் குழந்தையைக் கண்டு ஓடுவதற்குக் காரணம் உண்டு, ஊரில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவனுக்கும் லொரெய்னுக்கும் முதலில் ஒரு பையன் பிறந்தான், டேரன். அந்தக் காலத்தில் குழந்தையைக் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைப்போம். பால் கக்கினால் தொண்டையில் அடைக்காது என்று நர்ஸ் சொல்வாள், நாங்களும் தலையாட்டுவோம். ஒரு பிற்பகல் லொரெய்ன் அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். மெர்வின் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டுக் கொல்லையில் பெட்டிகளைப் பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு மூச்சு இல்லை. சில வருஷம் கழித்து, குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், குப்புறப் போட்டதுதான் ஆபத்து என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். அவன் மேல் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார், போலீஸ்காரர் சொன்னார், பாதிரியார் சொன்னார். ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

அப்புறம் ஷோனா பிறந்தாள். அவள் தானாக நடக்கிறவரை மெர்வின் அவளைத் தூக்கவில்லை. கதவுநிலையில் நின்று பார்ப்பான், அவ்வளவுதான். ஒரு அண்ணன் பிறந்து இறந்தான் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். யார் படுக்க வைத்தது, யார் போய்ப் பார்த்தது என்று சொல்லவில்லை. பதினான்கு வயதில் ஷோனா என் சமையலறையில் உட்கார்ந்து, அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது, அவருக்குப் பையன்தான் வேண்டியிருந்தது என்றாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது அவன் வாயால் வரவேண்டிய விஷயம், நான் சொன்னால் பொருந்தாது. அவள் படித்து முடித்ததும் மெல்போர்னுக்குப் போய்விட்டாள்.

போன இலையுதிர்காலத்தில்தான் திரும்பி வந்தாள். புருஷனோடு ஒத்துப் போகவில்லை. இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை, ஹேமிஷ். பக்கத்து ஊர் டெலோரேன் நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது, அடுத்த மாதம் சேர வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் இடம் இல்லை. எனக்கோ தபால் வண்டி ஓட்டுகிற வேலை, காலையில் கிளம்பினால் மத்தியானம்தான் வருவேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருந்தது மெர்வின் ஒருவன்தான். அவளாகக் கேட்கவும் இல்லை, அவனாகச் சொல்லவும் இல்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பிள்ளையை உயர நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். புருஷனிடமிருந்து போன் வந்து ஷோனா வெளியே போனாள். ஹேமிஷ் மெர்வினின் தட்டையே பார்த்துக்கொண்டு மேசையைத் தட்டினான். மெர்வின் அங்கே இங்கே பார்த்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, ஒரு கேரட் துண்டை முள்கரண்டியால் கூழாக நசுக்கி, சின்னக் கரண்டி நுனியில் எடுத்து நீட்டினான். பிள்ளை முகத்தைச் சுளித்து, சப்பி, மறுபடி வாயைத் திறந்தான். இன்னொரு கரண்டி போயிற்று. மெர்வின் சிரித்தான். டேரனுக்குப் பிறகு அவன் ஒரு குழந்தைக்குத் தன் கையால் செய்த முதல் காரியம் அது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருப்பதே ஊரில் செய்தி.

ஷோனா உள்ளே வந்தாள். பிள்ளையின் மோவாயெல்லாம் ஆரஞ்சு நிறம். யார் ஊட்டியது என்று கேட்டாள்.

"நான்தாம்மா. கேரட்," என்றான் மெர்வின்.

அவள் தண்ணீர் எடுப்பதுபோல் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் கண்ணைத் துடைத்தபடி நின்றாள். கேரட் என்றதும் அவள் நினைத்தது அவளுடைய அம்மா செய்கிற சர்க்கரைக் கேரட். தேன் சங்கதி அவளுக்குத் தெரியாது.

மறுநாள் கிளினிக் நர்ஸ் ஒருத்தி தேன் வாங்க வாசல் கேட்டுக்கு வந்தாள். மெர்வினுக்குப் பெருமை தாங்கவில்லை. பேசாதவன் பேசினான். பேரனுக்குத் தேன் கேரட் ஊட்டினேன் என்றான். நர்ஸின் முகம் மாறியது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்று உங்கள் ஜாடி லேபிளிலேயே இருக்கிறதே என்று கேட்டாள். இருக்கிறது, ஒவ்வொன்றையும் ஒட்டியது இவன் கைதான். ஆனால் அது பச்சைத் தேனுக்கு என்று நினைத்துவிட்டான். தேனீக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: சூடு பட்ட தேன் செத்த தேன். தேனைச் சூடாக்குகிறவனை இவர்கள் வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டார்கள். நல்லதெல்லாம் செத்துப் போகும் என்றால் கெட்டதும் சாகாதா என்பது இவன் கணக்கு. சாகாது என்றாள் அவள். தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும், வாணலிக் கொதிப்புக்கெல்லாம் அது அசையாது. பெரியவர்களை ஒன்றும் செய்யாது, சின்னக் குழந்தையின் வயிற்றில் போய் முளைத்து விஷமாகும். லட்சத்தில் ஒன்றுக்குத்தான் அப்படி ஆகும், பயப்படாதீர்கள் என்றாள். முதலில் மலச்சிக்கல் வரும், அப்புறம் இமை தொங்கும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது, அழுகுரல் மெலியும், கடைசியில் மூச்சு. சில நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். தாயிடம் இன்றே சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். தேன் வாங்கவில்லை.

நான் தபால் வண்டியை நிறுத்தும்போது என் வீட்டு வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. நர்ஸ் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தான். நானும் அந்தக் கேரட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு மெல்போர்னுக்கே போயிடுவா, நோலா. இனிமே என்கிட்ட அவனை விடவே மாட்டா."

"போனா போகட்டும். உயிரோட போகட்டும்," என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். வேலியைச் சுற்றாமல் கம்பிக்கு நடுவிலே நுழைந்து போனான். நானும் பின்னாலேயே போனேன். ஷோனா பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கதவுநிலையில் நின்று, இடையில் நிறுத்தாமல், நர்ஸ் சொன்ன ஒரு வார்த்தையையும் விடாமல் ஒப்பித்தான். ஷோனா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவள் பிள்ளையை மடியில் கிடத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் அவன் இமைகளையே பார்த்தாள்.

"அந்த லேபிளை ஒட்டுனதே நீங்கதானே," என்றாள் கடைசியில். அப்புறம் அவனைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பயம்தான் குடித்தனம் நடத்தியது. பிள்ளை பால் குடிக்கும்போது எத்தனை மிடறு என்று பார்ப்பார்கள். கொட்டாவி விட்டால் இமை தொங்குகிறதா என்பார்கள். தூங்கினால் மூக்கின்கீழ் விரல், தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று கவலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மெர்வின் அறைக்குள் வருவதில்லை. வெளியே ஜன்னலுக்குக் கீழே விறகு அடுக்கிக்கொண்டிருப்பான், அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்குவான், காது மட்டும் உள்ளே. பிள்ளை வீறிட்டு அழுதால் அவன் தோள் இறங்கும். அழுகை நின்றால் கை நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு வெளியே போகவில்லை. புதன்கிழமையும் இல்லை. புது உணவு தொடங்கினால் அப்படித்தான் ஆகும் என்று போனில் சொன்னார்கள். வியாழக்கிழமை பாலைப் பாதியில் விட்டுவிட்டு முனகினான். அழுகை மெலிந்துவிட்டதா, இல்லை எங்கள் காதுதான் கெட்டுவிட்டதா, மூன்று பேரில் யாருக்கும் தெரியவில்லை. ஷோனாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் காரை எடுத்தேன். அவள் பிள்ளையோடு பின்னால் உட்கார்ந்தாள். மெர்வின் கார் அருகே நின்றான், ஏறலாமா என்று தெரியாமல்.

"ஏறுடா," என்றேன்.

லான்செஸ்டன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் முன்னால் மரம் ஏற்றிய லாரிகள். ஒவ்வொன்றையும் தாண்டும்போது வாய்க்கு வந்ததைத் திட்டினேன். பின்னாலிருந்து ஷோனா திரும்பத் திரும்பப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மெர்வின் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தில் அவன் கழுத்து மரத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டரம்மா ஒருத்தி பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை சோதித்தாள். கண்ணில் விளக்கடித்தாள், கையைப் பிடித்துத் தூக்கிக் கழுத்து நிற்கிறதா என்று பார்த்தாள். இப்போதைக்கு அந்த நோய் மாதிரித் தெரியவில்லை, ஆனாலும் இன்றைக்கு அனுப்ப மாட்டேன், மலம் வந்தால் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்று ஒரு சின்ன டப்பாவைக் கட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். அப்புறம் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். குடும்பத்தில் இதற்கு முன் கைக்குழந்தை யாராவது இறந்ததுண்டா என்றாள்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தானாம், விவரம் தெரியாது என்றாள் ஷோனா.

"பதினோரு வாரக் குழந்தை," என்றான் மெர்வின். தொப்பி அவன் கையில் கசங்கியது. "தூக்கத்துல போயிட்டான். நான்தான் குப்புறப் படுக்க வெச்சேன். நான்தான் போய்ப் பார்த்தேன். வீட்ல வேற யாரும் இல்ல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஷோனா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதனாலதான் என்னைத் தூக்கலையா?"

"என் கை பட்டா உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயம்மா. உன்னைப் பிடிக்காம இல்ல. நீ படுத்திருக்கறப்பெல்லாம் கதவுகிட்டயே நிப்பேன். மூச்சு வருதான்னு பாத்துட்டு நிப்பேன்."

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள், சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தாள். நான் காபி வாங்கும் சாக்கில் தாழ்வாரத்துக்குப் போய் நன்றாக அழுதேன்.

மறுநாள் மத்தியானம்வரை ஒன்றும் மாறவில்லை. பிள்ளை கொஞ்சம் குடிப்பான், முனகுவான், தூங்குவான். ஷோனா முந்தின நாளிலிருந்து கண்ணை மூடவில்லை, உட்கார்ந்தபடியே ஆடினாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கதவுநிலைப் பக்கம் பார்த்தாள். அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

"ப்பா, நான் கொஞ்சம் படுக்கறேன். நீங்க வந்து பாத்துக்கோங்க."

"நானா? நர்ஸைக் கூப்பிடவா?"

"நர்ஸுக்கு இந்த வார்டு முழுக்கக் குழந்தைங்க. நீங்க கண்ணை எடுக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

சொன்னவள் சாய்வு நாற்காலியில் சுருண்டு அந்த நிமிஷமே தூங்கிப் போனாள். மெர்வின் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். முழங்கால்மேல் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, பிள்ளையின் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தான். கண்ணை இமைக்கக்கூடப் பயந்தான். அவன் நெற்றியில் வியர்வை. ஜன்னலுக்கு வெளியே குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்து இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

திடீரென்று பிள்ளையின் முகம் சிவந்தது. கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கி முறுக்கினான், உதடு நீலம்பாரித்ததுபோல் எனக்குத் தோன்றியது. சத்தமே வரவில்லை. மெர்வின் எழுந்தான். நர்ஸைத் தேடிக் கதவுப் பக்கம் பார்த்தான். அப்புறம் குனிந்து, ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை பின்பக்கத்துக்குக் கொடுத்துப் பிள்ளையை அள்ளித் தூக்கினான். நெஞ்சோடு சேர்த்து அணைத்த அந்த நொடியில் ஹேமிஷ் வாயைப் பிளந்து அழுதான் பாருங்கள், கட்டில் கம்பியெல்லாம் அதிர்ந்தது. கூடவே கீழே ஒரு பெரிய சத்தம். மஞ்சளும் ஆரஞ்சுமாக அணையாடையைத் தாண்டி, மெர்வினின் கைவழியாக முழங்கைவரை இறங்கி, சட்டையில் பரவி, பேன்ட்டில் வழிந்தது.

ஷோனா அலறியடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கேளும்மா," என்றான் அவன். கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்தது. "எப்படிக் கத்தறான் கேளு."

நர்ஸ் ஓடி வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், அவன் சட்டையைப் பார்த்தாள். "இந்தத் துளியூண்டு டப்பாவை வெச்சுக்கிட்டா நேத்திலேர்ந்து காத்திருந்தோம்," என்று சிரித்தபடி அவன் முழங்கையிலிருந்தே கொஞ்சம் வழித்து எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா வந்து பார்த்தாள். கழுத்து நிற்கிறது, குரல் கணீரென்று இருக்கிறது, புது உணவால் வந்த மலச்சிக்கல்தான் என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். அது எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

குழந்தையைக் கொடுங்கள், போய்க் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றாள் நர்ஸ். மெர்வின் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நர்ஸ் ஷோனாவைப் பார்த்தாள். ஷோனா பையிலிருந்து சுத்தமான அணையாடையும் துடைக்கிற துணியும் எடுத்து அவன் பக்கத்தில் கட்டில்மேல் வைத்தாள்.

"நீங்களே மாத்துங்க ப்பா. இப்பவே பழகிக்கோங்க. அடுத்த மாசம் நான் வேலைக்குப் போயிட்டா, இதெல்லாம் உங்க பாடு."

அவன் முகத்தில் மறுபடியும் ரத்தம் வற்றிப் போனது. எனக்கு இது தெரியாதும்மா என்றான், நோலாவைக் கேளு என்றான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவன் பிள்ளையை மெல்லக் கட்டிலில் கிடத்தினான், மல்லாக்க. ஒரு கையால் பிள்ளையின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அணையாடையின் ஊக்கைக் கழற்ற ஆரம்பித்தான்.